நாலரை அடிக் கதவு: சினிமாக் கப்பல் வரையத் தொடங்குபவர்களுக்கு

நான் முதன்முதலில் ஒழுங்காக அளவெடுத்து வரைந்த கப்பல் பவுண்டி. 1789இல் தென் பசிபிக் கடலில் மாலுமிகள் கலகம் செய்து, கேப்டனைச் சின்னப் படகில் இறக்கிவிட்டார்களே, அதே கப்பல். அதன் மேல்தளம் சுமார் 91 அடி நீளம் என்று படித்திருந்தேன். பக்கவாட்டில் எடுத்த நல்ல புகைப்படம் ஒன்றும் கையில் இருந்தது. படத்தில் தெரியும் தளத்தின் நீளத்தை 91 அடி என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே தாளில் இறக்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. முடித்துவிட்டுப் பார்த்தால், பின்பக்க அறைக்குப் போகும் கதவு நாலரை அடி உயரத்தில் நிற்கிறது.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்தக் காலத்துக் கப்பல்களில் உட்கூரை தாழ்வுதானே, குனிந்து போயிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கதவுக்குப் பக்கத்தில் நின்ற ஆளையும் அளந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அவரும் நாலேகால் அடிதான் இருந்தார்.

1789இல் ஏது புகைப்படம்? நான் வைத்திருந்தது 1962இல் வந்த 'மியூட்டினி ஆன் த பவுண்டி' படத்துக்காகக் கட்டிய கப்பலின் படம். அதன் தளம் 120 அடி. அசலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெரியது. அசல் கப்பலின் நீளத்தையும் சினிமாக் கப்பலின் படத்தையும் சேர்த்துப் போட்டால் கதவு இப்படித்தான் குறுகும்.

சினிமாக் கப்பல்களைப் பற்றிப் பேசும்போது நாம் மூன்று வார்த்தைகளைக் கொஞ்சம் அலட்சியமாகவே பயன்படுத்துகிறோம்: "அச்சு அசலாகக் கட்டினாங்க", "அது வெறும் செட்டுப்பா", "எல்லாம் கிராபிக்ஸ்." ஒரே கப்பலைப் பற்றி மூன்றுமே பாதி பாதி உண்மையாக இருக்கலாம். வரைய உட்காருகிறவருக்கு இந்தப் பாதி உண்மை உதவாது. கோடு எங்கிருந்து எங்கே போகிறது என்று முடிவு செய்தாக வேண்டும்.

மண்டப வாசல் அரண்மனை

கல்யாண மண்டப வாசலில் அரண்மனை முகப்பு கட்டுவார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் நின்றால் தூண், மாடம், கோபுரம் எல்லாம் இருக்கும். இரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்தால் பிளைவுட்டும் சவுக்குக் கட்டையும் கயிறும்தான். "இந்த அரண்மனையில் எத்தனை அறை?" என்று யாரும் கேட்க மாட்டோம். பார்க்கிறவர் நிற்கும் பக்கத்துக்காக மட்டும் கட்டியது என்று எல்லோருக்கும் தெரியும்.

சினிமாக் கப்பலும் அதே வேலைதான், ஒரு வித்தியாசத்தோடு. மண்டப முகப்பைப் பார்க்க ஆட்கள் ஒரே இடத்தில் நிற்பார்கள். கேமரா அப்படியல்ல. தூரத்தில் நின்று முழுக் கப்பலையும் பார்க்கும், தளத்தில் ஏறி நடிகரின் முகத்தைப் பார்க்கும், புயலில் பாய்மரம் முறிவதையும் பார்க்கும். இந்த மூன்று பார்வைக்கும் ஒரே பொருள் ஒத்துவராது. அதனால் மூன்று பொருள்கள் கட்டுவார்கள், சில சமயம் அதற்கு மேலும். திரையில் அவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்.

ஒரே பெயர், பல கப்பல்

2003இல் வந்த 'மாஸ்டர் அண்ட் கமாண்டர்' படத்தில் சர்ப்ரைஸ் என்றொரு போர்க்கப்பல் வரும். இதைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் கிடைத்துவிடும்.

வரலாற்றில் சர்ப்ரைஸ் உண்மையாகவே இருந்தது. 1794இல் பிரான்ஸில் கட்டப்பட்டு, இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலேயரிடம் பிடிபட்டு, பெயர் மாறிய கப்பல். படத்தில் கடலில் பாய் விரித்துப் போவது வேறு கப்பல். 1757இல் கட்டப்பட்ட ரோஸ் என்ற இன்னொரு போர்க்கப்பலின் நகலாக, 1970இல் கனடாவின் லூனன்பர்க் ஊரில் கட்டப்பட்டது அது. படக்கம்பெனி அதை வாங்கி, சர்ப்ரைஸைப் போல ஒப்பனை செய்தது. அப்புறம் மெக்ஸிகோவின் ரொசாரிட்டோவில் உள்ள ஸ்டூடியோத் தொட்டியில் முழு அளவில் இன்னொரு சர்ப்ரைஸைக் கட்டினார்கள். அது மிதக்கவில்லை. அடியில் ஜிம்பல் இருந்தது. ஜிம்பல் என்பது மேலே இருக்கும் பொருளை எல்லாப் பக்கமும் சாய்த்து ஆட்டக்கூடிய இயந்திர மேடை. பொருட்காட்சியில் ஆடும் ராட்சதப் படகின் பெரிய அண்ணன் என்று வையுங்கள். இவை போதாதென்று மினியேச்சரும், கம்ப்யூட்டரில் செய்த கப்பலும் உண்டு. மினியேச்சர் என்பது படமெடுக்கவே செய்யும் சிறிய மாதிரி.

ஆக, "சர்ப்ரைஸை வரையப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், எந்த சர்ப்ரைஸ்? பிரெஞ்சுக்காரர் கட்டியதா, ரோஸா, தொட்டியில் ஆடியதா, மினியேச்சரா? ஒவ்வொன்றிலும் அளவு ஏதாவது ஓர் இடத்தில் மாறும். கடலில் ஓடிய கப்பல் இப்போது சான் டியேகோ கடல்சார் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. நேரில் போய் அளக்கலாம். மற்றவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

'தாஸ் போட்' என்ற 1981ஆம் ஆண்டு ஜெர்மன் படத்தில் இது இன்னும் வேடிக்கை. நீர்மூழ்கிக் கப்பலின் வெளித்தோற்றத்துக்கு முழு அளவில் ஒரு கூடு கட்டினார்கள். அதற்குள் ஒன்றும் கிடையாது. உள்ளே நடக்கும் காட்சிகள் மியூனிக் ஸ்டூடியோவில், ஆட்டி அசைக்கும் மேடையில் ஏற்றிய ஒரு நீளக் குழாய்க்குள் எடுக்கப்பட்டன. அதற்கு வெளிப்புறமே கிடையாது. கடலில் கிடந்த கூடு புயலில் உடைந்துபோனது. குழாயை இன்றும் ஸ்டூடியோவில் பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். ஒரு கப்பலின் உள்ளும் புறமும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இரண்டையும் ஒரே தாளில் பொருத்த முயன்றால் எங்காவது இடிக்கத்தான் செய்யும். இடிப்பது உங்கள் தவறு அல்ல.

'ஜாஸ்' படத்தில் சுறாவைத் தேடிப் போகும் ஓர்கா படகும் இரண்டு. ஒன்று ஓடுவதற்கு, இன்னொன்று மூழ்குவதற்கு. மூழ்கும் படகு கண்ணாடியிழையில் செய்தது, இன்ஜின் இல்லாதது.

சுருக்கமாக: திரையில் ஒரு கப்பல் என்றால், பட்டறையில் பெரும்பாலும் பல. முதல் கோடு போடுவதற்கு முன் எதை வரைகிறோம் என்று ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் இதைச் செய்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

ஜெராக்ஸும் ரயில் பெட்டியும்

இனி அளவுவீதம். தாளில் ஒரு சென்டிமீட்டர், நிஜத்தில் எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்லும் எண் அது. 1:100 என்றால் தாளில் ஒரு சென்டிமீட்டர், நிஜத்தில் ஒரு மீட்டர். வீட்டு பிளான் பார்த்த எல்லோருக்கும் பழக்கமானதுதான்.

சினிமாக் கப்பலில் சிக்கல் என்னவென்றால், கட்டியவர்களே ஏற்கெனவே ஒரு தடவை அளவை மாற்றியிருப்பார்கள். அதற்கு இரண்டு வழி உண்டு.

முதலாவது ஜெராக்ஸ் வழி. இயந்திரத்தில் 130 சதவீதம் என்று அழுத்தினால் எல்லாம் ஒரே மாதிரி பெரிதாகும். பவுண்டியில் நடந்தது ஏறக்குறைய இதுதான். அசல் பவுண்டி முதலில் பெத்தியா என்ற பெயரில் 1784இல் ஹல் துறைமுகத்தில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல். தஹிதியிலிருந்து சீமைப்பலா நாற்றுகளைக் கொண்டுவருவதற்காக 1787இல் கடற்படை அதை வாங்கியது. அப்போது வரைந்த வரைபடங்கள் லண்டன் கிரீனிச்சில் பத்திரமாக இருக்கின்றன. படத்துக்காக அந்த வரைபடங்களை எடுத்து, நீளம் அகலம் இரண்டையும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூட்டிக் கட்டினார்கள். அசலில் 46 பேர் தீப்பெட்டிக்குள் தீக்குச்சி மாதிரி அடைந்து போனார்கள். அங்கே 70 மில்லிமீட்டர் கேமராவையும் விளக்கையும் படக்குழுவையும் எங்கே நிறுத்துவது?

இங்கே கவனிக்க ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றில் ஒரு பங்கு கூடினால் உள்ளிடம் மூன்றில் ஒரு பங்கு கூடாது; 2.37 மடங்காகும். அதனால்தான் வெளியிலிருந்து பார்க்கும்போது "கொஞ்சம் பெரிசு" என்று தோன்றும் கப்பல், உள்ளே போனால் தாராளமாக இருக்கும். ஆனால் நடிகர்களை 130 சதவீதம் ஆக்க முடியாது. கதவு, கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு, சுக்கான் சக்கரம் எல்லாம் மனித அளவிலேயே நின்றுவிடும். கப்பலின் உடல் வளர்ந்தது, உறுப்புகள் சில வளரவில்லை. என் நாலரை அடிக் கதவு பிறந்தது இந்த இடைவெளியில்தான்.

இரண்டாவது ரயில் பெட்டி வழி. இருபது பெட்டி ரயிலைச் சின்ன பிளாட்பாரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றால் ஒவ்வொரு பெட்டியையும் சுருக்க மாட்டோம். இரண்டு மூன்று பெட்டியைக் கழற்றுவோம். 1997இல் வந்த 'டைட்டானிக்' படத்துக்கு ரொசாரிட்டோவில் கட்டிய கப்பல் இப்படிப்பட்டது. (மேலே சொன்ன அதே ஸ்டூடியோதான்; இந்தப் படத்துக்காகத்தான் அதைக் கட்டினார்கள்.) அசல் டைட்டானிக் 882 அடி 9 அங்குலம். செட் சுமார் 775 அடி. எல்லாவற்றையும் சீராகச் சுருக்கியிருந்தால் ஆறரை அடிக் கதவு ஐந்தேமுக்கால் அடி ஆகி, கதாநாயகன் டி காப்ரியோ தலையை இடித்துக்கொண்டிருப்பார். அதனால் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் பகுதிகளில் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். குட்டையான உடலில் பழைய அளவுப் புகைபோக்கியை வைத்தால் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதால் புகைபோக்கிகளையும் உயிர்காக்கும் படகுகளையும் மட்டும் பத்து சதவீதம் சிறிதாக்கினார்கள்.

எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு. பெட்டி கழற்றியது பார்வையாளர் கண்ணில் படவே இல்லை. வரைகிறவர் கண்ணில் மட்டும் படும், அதுவும் ஜன்னல்களை ஒவ்வொன்றாக எண்ணினால்தான். டைட்டானிக்கின் அசல் வரைபடத்தை வைத்துக்கொண்டு படத்தில் வரும் கப்பலை வரைந்தால், முன்பக்கத்தில் ஆரம்பித்த கணக்கு நடுவில் தவறிப்போகும். சராசரி போட்டுச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். எந்த இடத்தில் பெட்டி கழன்றிருக்கிறது என்று தேடுங்கள்.

அதே கப்பலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. செட்டில் முழுமையாகக் கட்டியது வலப்பக்கத்தை மட்டும்தான். அந்தக் கடற்கரையில் காற்று வீசும் திசையில் புகை பின்னோக்கிப் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கப்பலை நிறுத்தியிருந்தார்கள். ஆனால் 1912 ஏப்ரல் 10 அன்று சவுத்தாம்டன் துறைமுகத்தில் டைட்டானிக் இடப்பக்கத்தைக் கரையில் ஒட்டிக்கொண்டு நின்றது. என்ன செய்வது? வலப்பக்கத்தை வைத்தே எடுத்து, பிறகு காட்சியையே கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்பிவிட்டார்கள். அதற்காக அறிவிப்புப் பலகை, உடையில் உள்ள எழுத்து எல்லாவற்றையும் இடவலம் மாற்றி எழுதி வைத்துப் படம் எடுத்தார்கள். துறைமுகக் காட்சியை நிறுத்தி வைத்து இடப்பக்கத்தை வரைகிறவர், உண்மையில் வலப்பக்கத்தைத்தான் வரைகிறார். அசல் கப்பலில் இரண்டு பக்கமும் நூற்றுக்கு நூறு ஒன்றல்ல.

இதுவரை: சில செட்டுகள் ஜெராக்ஸ், சில கழற்றிய ரயில், சில இரண்டும் கலந்தவை. மனிதக் கை படும் சாமான்கள் பெரும்பாலும் நிஜ அளவில் இருக்கும். கப்பலின் மொத்த நீளத்தை மட்டும் நம்பக் கூடாது.

வெள்ளரிக்காயைப் பிளந்தால்

பெட்டியை வரைவது சுலபம். கப்பல் பெட்டி அல்ல. அதன் உடலில் நேர்க்கோடு என்று எதையும் காட்டுவது கஷ்டம். மேல்தளம் கூட நடுவில் தாழ்ந்து, இரு முனையிலும் லேசாக எழும். தொடக்கத்தில் எல்லோரும் தளத்தை ஸ்கேல் வைத்து நேராக இழுத்துவிட்டு, ஏன் கப்பல் செருப்புப் பெட்டி மாதிரி இருக்கிறது என்று விழிப்போம்.

இந்த வளைவைத் தாளில் பிடிக்கக் கப்பல் கட்டுபவர்கள் கண்டுபிடித்த வழிதான் உடற்கோட்டு வரைபடம். அதாவது, கப்பலின் உடலைக் கற்பனையில் மூன்று திசைகளில் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் கோடாகக் காட்டும் படம்.

ஒரு வெள்ளரிக்காயை நீளவாக்கில் பிளந்து, ஒரு பாதியை வெட்டுமுகம் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். அதுதான் கப்பலின் உடல். இப்போது சாலட்டுக்கு நறுக்குவது போலக் குறுக்கே துண்டு போடுங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு அரைவட்டம். நடுவில் பெரிது, முனையில் சிறிது. இவை குறுக்குவெட்டுகள். மரக்கப்பலில் விலா எலும்பு போல நிற்கும் வங்குகளின் வடிவம் இதிலிருந்துதான் வருகிறது. இன்னொரு பாதியை எடுத்து, மேசைக்கு இணையாக, தட்டுத் தட்டாகச் சீவுங்கள். அந்தத் துண்டுகளின் விளிம்புகள் நீர்க்கோடுகள். தண்ணீர் அந்த மட்டத்தில் நின்றால் கப்பலை எங்கே தொடும் என்பதைக் காட்டுகின்றன. மூன்றாவது, முனையிலிருந்து முனைக்குச் செங்குத்தாக வெட்டுவது. அது பக்கத்தோற்றத்தின் வளைவுகளைத் தரும்.

மூன்று வெட்டும் ஒன்றுக்கொன்று சாட்சி. ஒரு புள்ளி குறுக்குவெட்டில் நடுக்கோட்டிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி இருந்தால், நீர்க்கோட்டிலும் அதே மூன்று மீட்டர் இருந்தாக வேண்டும். இல்லை என்றால் வரைந்தது கப்பலே அல்ல, வெறும் படம். கப்பலின் உடல் வடிவம் மட்டும் இடமும் வலமும் சமம் என்பதால் அதில் பாதியை வரைந்தால் போதும். குறுக்குவெட்டுப் படத்தில் ஒரு பழைய சிக்கனம் உண்டு: வலது பாதியில் கப்பலின் முன்பகுதித் துண்டுகள், இடது பாதியில் பின்பகுதித் துண்டுகள். முதன்முதலில் பார்ப்பவருக்கு வெங்காயத்தை அரிந்து வைத்தது போலத் தெரியும். நம் கடற்கரை ஊர்களில் முன்பகுதியை அணியம் என்பார்கள், பின்பகுதியைக் கடையால் என்பார்கள். நான் என் தாளில் அப்படித்தான் எழுதிக்கொள்கிறேன். சின்னச் சொல், கோட்டுக்குப் பக்கத்தில் இடம் அடைக்காது.

சரி, சினிமாக் கப்பலுக்கு இதைப் போட முடியுமா? இங்கேதான் நேர்மை வேண்டும். பவுண்டிக்குப் போடலாம், அது கடலில் ஓடிய, அடிவரை முழுமையான மரக்கப்பல். 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' படங்களில் வரும் பிளாக் பேர்லுக்கு? 2003இல் வந்த முதல் படத்தில் அது தட்டையான சரக்குத் தெப்பத்தின் மேல் எழுப்பிய செட். 2006இல் வந்த இரண்டாம் படத்தில், கடலில் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் வேலைக்கான சன்செட் என்ற கப்பலின் மேல் மரத்தால் கட்டிய ஒப்பனை. தண்ணீருக்கு மேலே கடற்கொள்ளையர் காலம், தண்ணீருக்குக் கீழே டீசல் காலம். பிளாக் பேர்லின் அடிவயிற்றை யாராவது அழகாக வரைந்து "இதுதான் ஒரிஜினல்" என்றால், அது அவர் சொந்தக் கற்பனை. தப்பில்லை. கற்பனை என்று எழுதிவிட்டால் போதும்.

புகைப்படத்திலிருந்து அளவு எடுப்பது

பெரும்பாலான சினிமாக் கப்பல்களுக்கு வரைபடம் நம் கைக்குக் கிடைக்காது. படம் முடிந்ததும் செட்டைப் பிரித்துவிடுவார்கள். மிஞ்சுவது புகைப்படங்களும் படத்தின் காட்சிகளும்தான்.

செல்ஃபி எடுக்கும்போது மூக்கு பெரிதாகத் தெரிவது ஏன்? கேமராவுக்கு மூக்கு காதைவிட அருகில் இருக்கிறது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும். அதே முகத்தைப் பத்தடி தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் மூக்கு அடங்கிவிடும், ஏனென்றால் பத்தடிக்கு முன்னால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. கப்பலுக்கும் இதேதான். அணியத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படம் கம்பீரமாக இருக்கும், அளவெடுக்க உதவாது. தூரத்திலிருந்து எடுத்த சப்பென்ற படம்தான் நமக்குத் தங்கம். போஸ்டரை நம்பி அளவெடுப்பவருக்கு என் அனுதாபங்கள்.

கப்பல் கொஞ்சம் திரும்பி நிற்கும் படமாக இருந்தால், மேல்தளத்தின் கோடும் நீர்மட்டத்தின் கோடும் தூரத்தில் நெருங்கிக்கொண்டே போகும். ரயில் தண்டவாளம் தொலைவில் ஒன்றுசேர்வது போல. அவற்றை நீட்டினால் சந்திக்கும் இடம் மறைவுப்புள்ளி. இந்தப் படத்தில் கப்பலின் நடுப்பகுதி எங்கே என்று ஸ்கேலால் அளந்து பாதியில் புள்ளி வைத்தால் தப்பு. கிட்டே இருக்கும் பாதி பெரிதாகத் தெரியும். இதற்கு ஒரு எளிய வித்தை உண்டு. பக்கச்சுவரை ஒரு நீள்சதுரமாக நினைத்து, மூலைக்கு மூலை இரண்டு கோடு போடுங்கள். அவை வெட்டிக்கொள்ளும் இடம்தான் உண்மையான நடு, படம் எவ்வளவு சாய்ந்திருந்தாலும். நிஜச் செவ்வகத்தில் மூலைவிட்டங்கள் நடுவில்தான் வெட்டும். நேர்க்கோடு புகைப்படத்திலும் நேர்க்கோடாகவே விழும். அதனால் வெட்டும் இடமும் மாறாது. கிடைத்த பாதியில் மறுபடி மூலைவிட்டம் போட்டால் கால் பங்கு, அப்புறம் அரைக்கால். பாய்மரங்கள் எந்தெந்த இடத்தில் நிற்கின்றன என்று இப்படிப் பிடித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. கப்பலின் பக்கம் சுவர் மாதிரி தட்டையாக இருப்பது நடுப்பகுதியில் மட்டும். அணியம் உள்ளே வளைந்து போய்விடும். அந்த இடத்தில் இந்த வித்தையைப் போட்டால் நீளம் பொய் சொல்லும்.

கடைசியாக, தெரிந்த அளவு ஒன்று வேண்டும். படத்தில் ஏதாவது ஒன்றின் நிஜ நீளம் தெரிந்தால்தான் மற்றவை தெரியும். நான் முதலில் தேடுவது நின்றுகொண்டிருக்கும் மனிதர். அவர் கப்பலின் அதே பக்கத்தில், அதே தூரத்தில் நிற்க வேண்டும். கரையில் முன்னால் நிற்பவரை வைத்து அளந்தால் கப்பல் பொம்மையாகிவிடும். ஒரே ஆளை நம்பாமல் ஆள், கைப்பிடிக் கம்பி, படி என்று மூன்றை வைத்துக் கணக்குப் பார்ப்பேன். மூன்றும் ஒத்துப்போனால் தொடரலாம். ஒத்துப்போகவில்லை என்றால் செட்டில் ஏதோ விளையாட்டு நடந்திருக்கிறது.

தண்ணீர் சுருங்காது

மினியேச்சர் பற்றி ஒரு பத்தியாவது சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அளவுவீதம் நேரத்தையும் பிடித்துக்கொள்கிறது. 1980இல் வந்த 'ரெய்ஸ் த டைட்டானிக்' படத்துக்கு 55 அடி நீள மாதிரி செய்து மால்ட்டாவில் உள்ள தொட்டியில் படம் எடுத்தார்கள். 882 அடியை 55ஆல் வகுத்தால் பதினாறு, ஆகவே 1:16. "பொம்மைக்கு எதற்கு 55 அடி?" என்று கேட்கலாம். 64 அடி உயரத்திலிருந்து விழும் தண்ணீர் கீழே வர இரண்டு விநாடி ஆகும். பதினாறில் ஒரு பங்கான 4 அடியிலிருந்து விழுந்தால் அரை விநாடி. உயரம் பதினாறு மடங்கு குறைந்தது, நேரம் நான்கு மடங்குதான் குறைந்தது. ஆகவே கேமராவை நான்கு மடங்கு வேகத்தில், விநாடிக்கு 24 பிரேமுக்குப் பதில் 96 பிரேம் ஓட்டி எடுத்து, சாதாரண வேகத்தில் காட்டினால் தண்ணீர் கனமாக விழும். ஆனால் நீர்த்துளியின் அளவை எந்தக் கேமராவும் சுருக்காது. மாதிரி சின்னதாக இருந்தால் துளிகள் பந்து பந்தாகத் தெரிந்து குட்டை உடைத்துவிடும். அதனால்தான் மினியேச்சர் என்ற பெயரில் லாரி அளவுக்கு மேல் செய்கிறார்கள்.

வரைகிறவருக்கு இதில் என்ன? கயிறு, கம்பி போன்ற மெல்லியவற்றை மாதிரியில் அதே விகிதத்துக்குச் செய்தால் கேமராவில் காணாமல் போகும், கை பட்டால் ஒடியும். கொஞ்சம் தடிமனாகவே செய்வார்கள். மினியேச்சரின் கயிற்றை அளந்து முழுக் கப்பலுக்குப் பெருக்கினால், அந்தக் கயிற்றில் யானையைக் கட்டலாம். இன்னொன்று: அந்தப் படத்தில் டைட்டானிக் ஒரே துண்டாக மேலே வரும். அசல் இரண்டாகப் பிளந்து கிடப்பது 1985இல் கண்டுபிடித்த பிறகுதான் உறுதியானது. 1980 மாதிரியை வரைகிறவர் முழுசாகத்தான் வரைய வேண்டும். அதைத் "திருத்தினால்" அந்த மாதிரியின் வரைபடமாக அது இருக்காது.

எங்கிருந்து தொடங்கலாம்

தூரத்தில் எடுத்த ஒரு பக்கவாட்டுப் படம், ஒரு தாள், பென்சில். நீர்மட்டத்துக்கு ஒரு கோடு. அதற்கு மேலே தெரிவதை மட்டும் முழுக்கோட்டில் வரையுங்கள். ஊகித்ததைப் புள்ளிக்கோட்டில் போடுங்கள்: தண்ணீருக்குள் இருப்பது, கட்டாத மறுபக்கம், பாய்க்குப் பின்னால் மறைந்த மரம். தாளின் வலது மூலையில் எந்தப் படம், எந்தக் கப்பல், எந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டீர்கள் என்று எழுதுங்கள். மூன்றாவது விஷயத்தை எழுத எல்லோரும் மறப்பார்கள். பிறகு கதவு குறுகினால் எங்கே தவறினோம் என்று தேட வழியிருக்காது.

முதல் முயற்சிக்கு டைட்டானிக் வேண்டாம். ஜன்னல் எண்ணியே வெறுத்துப்போவீர்கள். ஓர்கா மாதிரி சின்னப் படகு நல்லது. பவுண்டியும் நல்ல பாடம், ஆனால் அதை இனி நேரில் அளக்க முடியாது. படம் முடிந்து ஐம்பது ஆண்டுக்கு மேல் ஓடிய அந்தக் கப்பல், 2012 அக்டோபர் 29 அன்று சாண்டி புயலில் அமெரிக்காவின் வட கரோலினா கடலில் மூழ்கியது. கேப்டனும் ஒரு மாலுமியும் இறந்தார்கள், 14 பேரைக் கடலோரக் காவல்படை மீட்டது. 1984இல் வந்த இன்னொரு பவுண்டி படத்துக்கு நியூசிலாந்தில் கட்டிய கப்பல் வேறு. அதன் உடல் எஃகு, மேலே மரப்போர்வை. இரண்டின் படங்களும் ஒரே பெயரில் கலந்து கிடக்கின்றன, பார்த்து எடுங்கள்.

நான் என்னுடையதை மறுபடி வரைந்தேன். 1:100இல், பாய்மரம் எல்லாம் விட்டுவிட்டு உடல் மட்டும். 91 அடி என்று நினைத்தபோது தளம் 27.7 சென்டிமீட்டர், ஏ4 தாளில் சமர்த்தாக அடங்கியிருந்தது. 120 அடி என்றதும் 36.6 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. கடைக்குப் போய் ஏ3 தாள் வாங்கி வந்தேன். கதவு இப்போது ஆறு அடி.